எந்த ரகம், எந்த எலி?

பூனையிடமிருந்து பரவும் ஒட்டுண்ணி ஒன்று மூளைக்குள் புகுந்து எலியின் பயத்தைப் போக்கிவிடுகிறது என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பத்திரிகைகளில் தலைகாட்டும். மனிதர்களுக்கும் இப்படித்தான் நடக்குமா என்ற கேள்வி அதன் பின்னாலேயே வரும். வீட்டில் பூனை வளர்ப்பவர்கள், முக்கியமாகக் கருவுற்ற பெண்கள், கலங்கிப்போவார்கள். செய்தி பொய்யானதில்லை. ஆனால் அதற்கு ஆதாரமான ஆய்வுக்கட்டுரையைப் புரட்டிப் பார்த்தால், அங்கே தெளிவாக எழுதியிருக்கும் இரண்டு விவரங்கள் செய்திக்கு வருவதற்குள் உதிர்ந்துபோயிருக்கும். ஒட்டுண்ணியின் எந்த ரகம் செலுத்தப்பட்டது? எந்த இன எலிக்குச் செலுத்தப்பட்டது? மூளை அழற்சி பற்றிய எந்தக் கூற்றும் இந்த இரண்டு விவரங்களோடு சேர்ந்துதான் உண்மை. அவற்றைக் கழற்றிவிட்டால் அதே கூற்று வேறொரு எலியிடம் தவறாகிவிடும். எதனால் அப்படி என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

ஒட்டுண்ணியின் பெயர் டாக்ஸோபிளாஸ்மா. 1908-ல் துனிஸ் நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தில் நிக்கோல், மான்சோ இருவரும் வட ஆப்பிரிக்கக் கொறிவிலங்கு ஒன்றில் இதைக் கண்டார்கள். அதே ஆண்டில் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் ஸ்பிளெண்டோரே முயலில் கண்டார். இது பூனையின் குடலில்தான் பாலினப்பெருக்கம் செய்கிறது என்பது தெளிவாக இன்னும் 60 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதைத் தெளிவுபடுத்தியவர்களில் ஒருவர் ஜே.பி. துபே. இந்தியாவில் பிறந்து, அமெரிக்க வேளாண் துறையில் பல பத்தாண்டுகள் இந்த உயிரியைப் பற்றி ஆராய்ந்த கால்நடை மருத்துவ அறிஞர் அவர். ஆடு, கோழி, பன்றி, மனிதன் என்று வெப்ப இரத்தமுள்ள எந்த விலங்கின் உடலிலும் இந்த ஒட்டுண்ணி தங்கும். உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கு வரை இது தொற்றியிருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தொற்று வந்ததே தெரியாது.

இனம் ஒன்று, ரகங்கள் பல. நெல் என்பது ஒரே பயிர்தான். ஆனால் பொன்னியும் மாப்பிள்ளைச் சம்பாவும் ஒரே நாளில் நட்டாலும் ஒரே நாளில் அறுவடைக்கு வருவதில்லை. ஒரே ரகத்தை வண்டலில் நட்டால் ஒரு மாதிரி, உவர் நிலத்தில் நட்டால் வேறு மாதிரி நிற்கும். நெல்லைப் பற்றிப் பேசும் விவசாயி ரகத்தையும் மண்ணையும் சொல்லாமல் பேசமாட்டார். டாக்ஸோபிளாஸ்மாவில் இந்தக் கணக்கை ஒழுங்குபடுத்தியவர்கள் ஹோவ், சிப்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள். பல இடங்களில் பல விலங்குகளிலிருந்து பிரித்தெடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட மாதிரிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு, வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை மூன்றே குடிவழிகளில் அடங்கிவிடுகின்றன என்று 1995-ல் அவர்கள் காட்டினார்கள். முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று அவற்றுக்குப் பெயர். மூன்றுக்கும் இடையே மரபணு வேறுபாடு சொற்பம். எலியின் உடலில் அவை நடந்துகொள்ளும் விதத்திலோ வானத்துக்கும் பூமிக்குமான வேறுபாடு.

முதல் வகையின் பெயர்பெற்ற ரகம் ஆர்.எச். பின்னாளில் வாய்வழிப் போலியோ சொட்டுமருந்தைத் தந்த ஆல்பர்ட் சாபின்தான் இதை 1930-களின் இறுதியில் சின்சினாட்டியில், மூளை அழற்சியால் இறந்த ஒரு சிறுவனிடமிருந்து பிரித்தெடுத்தார். இந்த ரகத்தில் ஒரே ஒரு ஒட்டுண்ணி உயிரோடு உள்ளே போனாலும் சாதாரண ஆய்வகச் சுண்டெலி செத்துவிடும். இரண்டாம் வகையில் ஆயிரக்கணக்கில் செலுத்தினால்தான் எலிகளில் பாதி சாகும். மூன்றாம் வகைக்கு அதைவிடவும் அதிகம் தேவை. அப்படியானால் மூளை அழற்சிக்கு முதல் வகைதான் மோசம் என்று நினைக்கத் தோன்றும். நடப்பது வேறு. முதல் வகை தொற்றிய எலி பத்து நாட்களுக்குள் உடல் முழுவதும் பரவிய நோயால் இறந்துவிடுகிறது. மூளையில் ஒட்டுண்ணி குடியேறி, அதைச் சுற்றி நோய் எதிர்ப்புச் செல்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கூடுவதற்கு அதற்கு அவகாசமே கிடைப்பதில்லை. நீடித்த மூளை அழற்சியைப் பார்க்க வேண்டுமானால் எலி பிழைத்திருக்க வேண்டும். அதனால்தான் இத்துறையின் ஆய்வுகளில் பெரும்பாலானவை எம்.ஈ.49, புருனியோ போன்ற இரண்டாம் வகை ரகங்களைக் கொண்டு நடக்கின்றன. எம்.ஈ.49 கலிஃபோர்னியாவில் ஒரு செம்மறியாட்டிலிருந்து கிடைத்தது. புருனியோ பிரான்சில் பிரித்தெடுக்கப்பட்டது.

பிழைத்திருக்கும் எலியின் மூளைக்குள் என்ன நடக்கிறது? ஒட்டுண்ணி நரம்பு செல்களுக்குள் நுழைந்து, வேகமாகப் பெருகுவதை நிறுத்திக்கொண்டு, உறைக்கட்டியாக மாறி உறங்குகிறது. இரத்தத்திலிருந்து டி செல்கள் மூளைக்குள் வருகின்றன. அவை இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கின்றன. மூளையிலேயே இருக்கும் மைக்ரோக்ளியா செல்களும், வெளியிலிருந்து வந்த விழுங்கு செல்களும் அந்தச் சமிக்ஞையால் விழித்துக்கொள்கின்றன. நுண்ணோக்கியில் இந்தக் கூட்டத்தைத்தான் மூளை அழற்சி என்கிறோம்.

இந்த இடத்தில் வாசகர் மனத்தில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. அழற்சி என்றாலே நோய், அது குறைந்தால் நலம் என்று எண்ணிப் பழகிவிட்டோம். நீண்டகாலத் தொற்றுள்ள எலிக்கு இன்டர்ஃபெரான் காமாவைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்புரதத்தைச் செலுத்திப் பார்த்தார்கள் சுசுகி, ரெமிங்டன் ஆகியோரின் குழுவினர். 1980-களின் இறுதியில் நடந்த சோதனை அது. காவல் தளர்ந்ததும் உறங்கிக்கொண்டிருந்த ஒட்டுண்ணி மறுபடியும் பெருகி, கடுமையான மூளை நோயில் எலிகளைக் கொண்டுபோய்த் தள்ளியது. எய்ட்ஸ் நோயாளிகளுக்கு நேர்ந்ததும் இதுவே. பல ஆண்டுகளாக ஓசையில்லாமல் இருந்த பழைய தொற்று, டி செல்கள் அழிந்ததும் மூளையில் தலைதூக்கியது. ஆக, மூளையில் காணும் அழற்சியின் ஒரு பகுதி காவல், ஒரு பகுதி சேதம். எது எவ்வளவு என்பது ரகத்துக்கு ரகம், எலிக்கு எலி மாறுகிறது.

எலியின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆய்வகங்களில் வளரும் கருநிற எலியினமான சி57 பிளாக் 6, இரண்டாம் வகைத் தொற்றில் நாளடைவில் மூளை அழற்சி முற்றித் துன்பப்படும். பால்ப் சி என்ற வெள்ளை எலியினம் அதே தொற்றைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளும். இந்த வேறுபாட்டின் பெரும்பகுதிக்கு ஒரே ஒரு மரபணு காரணம். ஒட்டுண்ணியின் துணுக்குகளை டி செல்களுக்கு எடுத்துக்காட்டும் புரதத்தின் ஒரு வடிவம் பால்ப் சி எலியிடம் உண்டு, கருப்பு எலியிடம் கிடையாது. மறுபக்கம், ஒரே எலியினத்தில் வெவ்வேறு ரகங்களைச் செலுத்தினால் நீடித்த தொற்றின்போது மூளை அழற்சியின் கடுமை வேறுபடுகிறது என்பதையும் சுசுகி குழுவினர் 1989-லேயே பதிவு செய்துவிட்டார்கள். வேறுபடுகிறது என்பது அப்போதே தெரியும். எப்படி வேறுபடுகிறது என்பதற்கு விடை வர மூன்று பத்தாண்டுகள் ஆயின.

அந்த விடையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2019-ல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் அனிதா கோஷியின் ஆய்வகம் வெளியிட்ட கட்டுரை. இரண்டாம் வகை, மூன்றாம் வகை இரண்டுமே மூளையில் தங்கக்கூடியவை என்பதால் அவ்விரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். தொற்றின் முதல் நாட்களில் இவை எதிரெதிராக நடப்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். இரண்டாம் வகையிடம் உள்ள கிரா 15 என்ற புரதம், தான் நுழைந்த செல்லிலேயே அபாயச் சங்கை ஊதிவிடும். எலியின் விழுங்கு செல்கள் உடனே தாக்குதல் நிலைக்கு வரும். மூன்றாம் வகையிடம் ரோப் 16 என்ற இன்னொரு புரதம் வீரியத்தோடு இருக்கிறது. அது செல்லின் உட்கருவுக்கே போய், தாக்குவதற்குப் பதில் புண்ணாற்றும் வேலைக்கு விழுங்கு செல்லைத் திருப்பிவிடும். முதல் வகையின் ரோப் 16-ம் இதே வேலையைச் செய்யும். இரண்டாம் வகையிடமும் ரோப் 16 உண்டு, ஆனால் சிறு மாற்றத்தால் அது வலுவிழந்தது.

எனவே மூன்றாம் வகை தொற்றிய எலியின் மூளையில் அழற்சி குறைவாக இருக்கும் என்றுதானே யாரும் எதிர்பார்ப்பார்கள்? 21-ம் நாளில் மூளையைப் பார்த்தபோது நேர்மாறாக இருந்தது. மூன்றாம் வகை தொற்றிய எலிகளின் மூளையில்தான் டி செல்களும் விழுங்கு செல்களும் மைக்ரோக்ளியாவும் அதிக எண்ணிக்கையில் இருந்தன. அழற்சியைத் தணிக்கும் செல்களோ அங்கே குறைவு. இரண்டாம் வகையின் எலிகளில் தணிக்கும் செல்கள் கூடுதல், மொத்தக் கூட்டம் குறைவு. மண்ணீரலை 5-ம் நாள், 10-ம் நாள், 21-ம் நாள் என்று பார்த்துக்கொண்டே வந்தபோது மர்மம் பாதி அவிழ்ந்தது. 5-ம் நாளில் மூன்றாம் வகையின் எலிகளில் தணிக்கும் செல்கள் அதிகமாகவும் இரண்டாம் வகையின் எலிகளில் தாக்கும் செல்கள் அதிகமாகவும் இருந்தன. நாள் போகப்போக இந்த நிலை தலைகீழாகத் திரும்பியது. முதல் வாரத்தில் அமைதியாக இருந்த உடல் மூன்றாம் வாரத்தில் கொந்தளித்தது. முதல் வாரத்திலேயே கொந்தளித்த உடல் மூன்றாம் வாரத்தில் தணிந்துவந்தது.

தொடர்பு இருப்பதாகத் தெரிகிறது என்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. மூன்றாம் வகை ஒட்டுண்ணியிலிருந்து ரோப் 16 மரபணுவை மட்டும் நீக்கி, அந்த மாற்றப்பட்ட ஒட்டுண்ணியை எலிகளுக்குச் செலுத்தினார்கள். 21-ம் நாளில் மூளையின் தோற்றம் இரண்டாம் வகையின் தொற்றைப் போல ஆகிவிட்டது. டி செல்கள் குறைந்தன, விழுங்கு செல்கள் குறைந்தன, தணிக்கும் செல்கள் கூடின. அதோடு, யாரும் எதிர்பாராத அளவுக்கு மூளையில் ஒட்டுண்ணியின் எண்ணிக்கையும் குறைந்துபோனது. ஒட்டுண்ணி செலுத்தப்பட்ட வயிற்றறையில் முதல் நாட்களில் அது கையாண்ட ஒரு புரதம், வாரங்கள் கழித்து மூளையில் எத்தனை டி செல்கள் கூடும் என்பதை மாற்றியிருக்கிறது.

மூளை அழற்சியின் காரணத்தை மூளைக்குள்ளேயே தேடுவது இயல்பு. கட்டிகளை எண்ணுவோம், செல்களை எண்ணுவோம். ஆனால் இந்தச் சோதனை காட்டுவது, ஒட்டுண்ணி மூளையை எட்டுவதற்கு முன்னாலேயே கதையின் பெரும்பகுதி எழுதப்பட்டுவிடலாம் என்பதை. எந்த ஒரு நாளில் அறுத்துப் பார்க்கிறோம் என்பதும் முடிவை மாற்றிவிடும். 5-ம் நாளில் பார்த்தவர் இரண்டாம் வகைதான் அழற்சியைத் தூண்டுவது என்று எழுதுவார். 21-ம் நாளில் பார்த்தவர் மூன்றாம் வகைதான் என்று எழுதுவார். இருவர் எழுதியதும் சரியாகவே இருக்கும். கோஷியும் பிறரும் 2012-ல் வெளியிட்ட மற்றொரு கண்டுபிடிப்பையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். டாக்ஸோபிளாஸ்மா தான் நுழையாத செல்களுக்குள்ளும் தன் புரதங்களை ஊசிபோட்டதுபோல் செலுத்திவிட்டுப் போகிறது. மூளையில் அப்படித் தொடப்பட்ட நரம்பு செல்கள் பல. ரோப் 16 போன்ற புரதங்களின் வீச்சு, தொற்றுள்ள செல்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடாது.

முதல் வாரத்தில் ரோப் 16 ஒட்டுண்ணிக்கு எதற்குத் தேவைப்படுகிறது? எலியிடம் இருக்கும் ஒரு தனிப்படையிடமிருந்து தப்புவதற்கு என்பது அந்தக் கட்டுரை சுட்டும் விடை. ஒட்டுண்ணி செல்லுக்குள் தனக்கென ஒரு குமிழறை கட்டிக்கொண்டு அதனுள் வாழும். இன்டர்ஃபெரான் காமா கிடைத்ததும் எலியின் செல், ஐ.ஆர்.ஜி. என்ற புரதக் குடும்பத்தைத் திரட்டி அந்தக் குமிழறையின் சுவரில் ஏற்றி அதை உடைத்துவிடும். இந்தக் குடும்பத்தில் எலிக்கு இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் உண்டு. முதல் வகை ஒட்டுண்ணி ரோப் 5, ரோப் 18 என்ற இரு புரதங்களைச் சேர்த்துப் பயன்படுத்தி இந்தப் படையை முடக்கிவிடுகிறது. ஒன்று பிடித்துக்கொள்ள, மற்றது செயலிழக்கச் செய்யும். மூன்றாம் வகையிடம் ரோப் 5 நன்றாக இருக்கிறது, ரோப் 18 ஏறக்குறைய உற்பத்தியே ஆவதில்லை. இரண்டாம் வகையிடம் ரோப் 18 இருக்கிறது, ரோப் 5 சரியான வடிவத்தில் இல்லை. இருவகையும் எலியைக் கொல்லாமல் விடுவதற்கு இதுவே பெரிய காரணம். ரோப் 16 பற்றி அந்தக் கட்டுரை சுட்டும் விடைக்குச் சான்று இது: ஐ.ஆர்.ஜி. குறைபாடுள்ள எலிகளில் ரோப் 16 நீக்கிய ஒட்டுண்ணியைச் செலுத்தியபோது, அது மூல ரகத்துக்குச் சமமாகச் செல்களைத் தொற்றியது.

ரகமும் எலியும் சேர்ந்தே பேச வேண்டியவை என்பதற்கு நம் பக்கத்திலிருந்தே ஒரு சான்று உண்டு. தென்னிந்தியாவில் பிடிக்கப்பட்ட ஒரு வீட்டெலியின் வழிவந்த சி.ஐ.எம். என்ற எலியினம் ஐரோப்பிய ஆய்வகங்களில் வளர்க்கப்படுகிறது. ஜெர்மனியின் கொலோன் நகரில் ஜோனத்தன் ஹோவர்டின் குழுவினர் ஒற்றை ஒட்டுண்ணியால் ஆய்வக எலியைக் கொல்லும் அந்த ஆர்.எச். ரகத்தை இந்த எலிகளுக்குச் செலுத்தினார்கள். எலிகள் பிழைத்தன. காரணம் இவற்றின் ஐ.ஆர்.ஜி. மரபணுக்களில் ஒன்றின் வடிவம். முதல் வகையின் ரோப் 5 வீசும் வலையை அது தாங்கிக்கொள்கிறது. 2013-ல் இது வெளியானது. அதுவரை பாடப்புத்தகங்கள் ஆர்.எச். ரகத்தைக் கொடிய ரகம் என்றே சொல்லிவந்தன. ஆய்வகத்துக்கு வெளியே, வயல்வெளியிலும் தானியக் குதிர்களிலும் வாழும் எலிக்கு அந்த அடைமொழி பொருந்தவில்லை. கொடுமை ஒட்டுண்ணியின் உடலில் ஒட்டியிருக்கும் குணமாக இருந்தால் எலி மாறியதும் அது மறைந்திருக்காது.

எலியின் பயம் பற்றிய செய்திக்கு இப்போது திரும்பலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்து ஆய்வாளர்கள் 2013-ல், மூன்று வகைகளில் எது தொற்றினாலும் எலி பூனைச் சிறுநீரின் வாடையைத் தவிர்ப்பதை விட்டுவிடுகிறது என்று காட்டினார்கள். வீரியம் குறைக்கப்பட்ட முதல் வகை தொற்றிய எலிகளில், ஒட்டுண்ணியும் மூளை அழற்சியும் கண்டறிய முடியாத அளவுக்குப் போன பிறகும் இந்த மாற்றம் நீடித்தது. ஜெனீவாவில் 2020-ல் வெளியான ஆய்வு வேறு பக்கம் சாய்ந்தது. தொற்றுள்ள எலி பூனைக்கு மட்டுமல்லாமல் மற்ற வேட்டை விலங்குகளின் வாடைக்கும் பயப்படுவதில்லை, மாற்றத்தின் அளவு மூளையிலுள்ள உறைக்கட்டிகளின் எண்ணிக்கையோடும் அழற்சியின் அளவோடும் சேர்ந்தே ஏறுகிறது என்றது அது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவர், ஒட்டுண்ணி மூளையைக் கைப்பிடித்து ஓட்டுகிறது என்று துணிந்து எழுதமாட்டார். அழற்சி ஒரு வழி, அதன் பிறகு தங்கிவிடும் மாற்றம் இன்னொரு வழி. எந்த ரகத்தில் எது மேலோங்குகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

டாக்ஸோபிளாஸ்மாவுக்கு மட்டும் உரிய விசித்திரமும் இல்லை இது. எலி மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் பெர்கெயின் அங்கா ரகம் கருப்பு எலிகளை ஒரு வாரம், பத்து நாட்களில் மூளை மலேரியாவில் வீழ்த்தும். அதே இனத்தின் என்.கே.65 ரகம் பொதுவாக மூளையை அப்படித் தாக்குவதில்லை. பால்ப் சி எலிகள் அங்கா ரகத்தையும் பெருமளவு தாங்கும்.

மனிதருக்கு வரும்போது இன்னும் நிதானம் வேண்டும். எலியின் ஐ.ஆர்.ஜி. படை நம்மிடம் கிடையாது. அந்தக் குடும்பத்தின் ஓரிரு எச்சங்களே நம் மரபணுவில் இருக்கின்றன. ஆகவே எலியைக் கொல்வதா விடுவதா என்று தீர்மானிக்கும் ரோப் 5, ரோப் 18 கணக்கை அப்படியே மனிதன் மேல் ஏற்ற முடியாது. ரக வேறுபாடு மனிதனைப் பாதிப்பதே இல்லை என்றும் இதற்குப் பொருளில்லை. பிறவியிலேயே தொற்றிய குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் புண்கள் ஐரோப்பாவைவிடப் பிரேசிலில் அதிகமாகவும் கடுமையாகவும் இருக்கின்றன. தென் அமெரிக்காவில் உலவும் ரகங்கள் அந்த மூன்று குடிவழிகளுக்குள் அடங்காதவை. பிரெஞ்சு கயானாவின் காட்டு ரகங்கள் நல்ல திடகாத்திரமானவர்களையும் நுரையீரல் நோயில் தள்ளியிருக்கின்றன.

நம் ஊரிலும் இது ஏட்டுச் சமாச்சாரம் இல்லை. 2004, 2005 ஆண்டுகளில் கோயம்புத்தூரில் டாக்ஸோபிளாஸ்மா கண்நோய் திடீரெனப் பரவி, 248 பேரைப் பற்றி அங்குள்ள கண் மருத்துவர்கள் மருத்துவ இதழில் எழுதினார்கள். குடிநீர் வழியே பரவியிருக்கலாம் என்பது அவர்கள் சந்தேகம். இதைச் சொல்வது பூனையை வீட்டைவிட்டுத் துரத்தச் சொல்வதற்காக இல்லை. பூனை பெரும்பாலும் முதல் தொற்றின்போது ஒன்றிரண்டு வாரங்கள்தான் ஒட்டுண்ணியின் நுண்கருக்களை மலத்தில் வெளியேற்றும். அவையும் வெளியே வந்து ஒரு நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் முதிர்ந்த பிறகே தொற்றும். கழிவுத் தட்டை அன்றன்றே, கருவுற்றவரல்லாத ஒருவர் சுத்தம் செய்தால் அந்த வழி பெருமளவு அடைபடும். சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும் மண் கலந்த நீரும் அதைவிடக் கவனிக்க வேண்டியவை.

இந்தியாவில் அடுத்தடுத்துள்ள சில மாநிலங்களின் மேய்ச்சல் கோழிகளிலிருந்து ஏழு டாக்ஸோபிளாஸ்மா மாதிரிகளைப் பிரித்தெடுத்து 2003-ல் ஸ்ரீகுமாரும் துபேயும் உடன் ஆய்வாளர்களும் வகை பார்த்தார்கள். இரண்டு இரண்டாம் வகை, ஐந்து மூன்றாம் வகை. ஏழு என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும், எலிகளின் மூளையில் பிந்திய நாட்களில் கூடுதலாக டி செல்களைக் குவிக்கும் வகை எதுவோ அதுதான் நம் கோழிகளில் அதிகம் கிடைத்தது. உலக அளவில் மூளை அழற்சி பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதியோ இரண்டாம் வகையின் மேல் நிற்கிறது. நம் கால்நடைப் பல்கலைக்கழகங்களும் மருத்துவக் கல்லூரிகளும் நோயாளியிடமிருந்தும் கோழியிடமிருந்தும் கிடைக்கும் ஒட்டுண்ணியைப் பிரித்தெடுத்து, உறைநிலையில் சேமித்து, முழு மரபணுவையும் படித்து வைக்க வேண்டும். அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்த ரகங்களைக் கொண்டு, 5-ம் நாளையும் 21-ம் நாளையும் அதற்கு அப்பாலும் பார்க்கும் சோதனைகள் இங்கேயே நடக்க வேண்டும்.